ஓடை லயத்தின் புள்ளி

குன்னூரில் பெட்ஃபோர்டு என்னும் பகுதிக்குக் கீழே, ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கிவந்த நில ஆய்வு அலுவலகத்தில் ரஞ்சனிக்கு வரைபடம் வரையும் வேலை. அவள் மேசையில் பேனாவும் தாளும் கிடையா. பைத்தான் என்னும் கணினி மொழியில் கட்டளைகளை வரிவரியாக எழுதுவாள். வரைவதற்கென்றே யாரோ முகம் தெரியாதவர்கள் ஆக்கி, எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் வைத்திருந்த நிரல் தொகுப்பு ஒன்று அந்தக் கட்டளைகளை வாங்கிக்கொண்டு, திரையில் மலையும் ஓடையும் சாலையுமாக விரித்துக் கொடுக்கும்.

அந்தத் தொகுப்புக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதைச் செய்யும். தவறாகச் சொன்னால் அதையும் முகம் சுளிக்காமல் செய்யும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரஞ்சனி அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதிவிட்டாள். குன்னூர், கோத்தகிரி, லவ்டேல் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிப் போய் வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலில் மிதந்தன. அடுத்த மேசையில் இருந்த ஜெஃப்ரி எட்டிப் பார்த்தான்.

“குன்னூர்ல குளிர் ஜாஸ்திதான். அதுக்காகப் பனிக்கரடிக்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சிட்டியே, ரஞ்சனி!”

அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள். எந்த வரைபடத்தை முடித்தாலும், தனக்கு நேரில் தெரிந்த ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை எடுப்பாள்.

அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த இடம் கிளிப்பாறை எஸ்டேட். அங்கே, தேயிலைச் சரிவின் அடிமடியில், ஓடையை ஒட்டி ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கட்டிய வீட்டு வரிசையில் அவள் பிறந்தாள். அரசுத் தாள்களில் அதற்குப் பெயர் ஓடை லைன். அவளுடைய அம்மா கருப்பம்மாவின் வாயில் அது ஓடை லயம். கருப்பம்மா இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பங்கள் கப்பலேறியபோது, பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்த சிறுமி. மலை மாறியது, கொழுந்து மாறவில்லை. வீட்டு வரிசைக்கு லயம், காலை ஆள் கணக்குக்குப் பெரட்டு, மேனேஜருக்குத் தொரை என்று அங்கே பழகிய சொற்களும் மாறவில்லை. கணவர் முத்துவேல் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட, கொழுந்து பறித்தே மகளை ஊட்டிக் கல்லூரியில் புவியியல் படிக்க வைத்தார்.

பள்ளிச் சேர்க்கையிலிருந்து பட்டமளிப்பு விழா அழைப்பு வரை ரஞ்சனியின் முகவரி ஒன்றேதான்: கிளிப்பாறை எஸ்டேட் ஃபேக்டரி. லயத்துக்குக் கதவிலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. தபால்காரர் முகட்டின் மேலே இருக்கும் ஃபேக்டரிக்கு வந்து, ஆபீஸ் ஜன்னலில் கட்டோடு வைத்துவிட்டுப் போவார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் என்று எதைத் திறந்தாலும் ஃபேக்டரிதான். எஸ்டேட்டில் பிறந்த எவரையும் உறக்கத்தில் எழுப்பி முகவரி கேட்டாலும் ஃபேக்டரி பெயரைத்தான் சொல்வார்கள்.

அந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துத் தர வேண்டும் என்று அலுவலகத்துக்கு அரசிடமிருந்து ஒரு பெரிய பணி வந்தது. மண்சரிவு வாய்ப்புள்ள குடியிருப்புகளில் அபாயச் சங்கு பொருத்திய கம்பங்களை நடப்போகிறார்கள். எங்கெங்கே நடுவது என்று வரைபடம் சொல்ல வேண்டும். ரஞ்சனி உயரத் தரவுகளைக் கொண்டு சரிவுகளைக் கணக்கிட்டாள். செங்குத்தான இடம் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், சமதளமும் முகடும் பச்சை. அதன்மேல் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளிக்கு அடியில் இருக்கும் நிறத்தை நிரலே பார்த்துக்கொள்ளும். சிவப்பில் விழுந்த புள்ளிக்குக் கம்பம் உண்டு, பச்சையில் விழுந்ததற்கு இல்லை.

முதல் வரைவைப் பார்த்த மேலாளர் ஹரிதாஸ் உதட்டைப் பிதுக்கினார். கோயம்புத்தூர்க்காரர். யாரையும் மரியாதை குறையாமல் பேசுவார், திட்டும்போதுகூட.

“ஏனுங்க ரஞ்சனி, மை கொட்டின மாதிரி இருக்குதுங்க. பாக்கறவங்க கண்ணு வலிச்சுப்போயிரும். கொஞ்சம் வெளுத்த மாதிரி பண்ணுங்க.”

புள்ளியின் அடர்த்தியைக் கூட்டவும் குறைக்கவும் அந்தத் தொகுப்பில் ஓர் எண் உண்டு. ஒன்று என்றால் முழுக் கறுப்பு, சுழியம் என்றால் கண்ணுக்கே தெரியாது. ரஞ்சனி அந்த எண்ணைப் பாதிக்கும் கீழே இறக்கி மறுபடி ஓட்டினாள். புள்ளிகள் சாம்பல் நிறத்துக்கு வெளுத்தன. அவற்றினூடே அடியில் இருந்த சிவப்பும் மஞ்சளும் தெரிந்தன. வரைபடம் மூச்சு விட்டதுபோல் இருந்தது.

ஆனால் ஆங்காங்கே சில புள்ளிகள் வெளுக்கவில்லை. கன்னங்கரேலென்று முன்போலவே நின்றன. நிரலில் பிழையோ என்று நினைத்து, வழக்கப்படி தனக்குத் தெரிந்த கிளிப்பாறைக்கு வந்தாள். அங்கேயும் ஒரே ஒரு கரும்புள்ளி. ஓடையருகே ஒன்றும் இல்லை. முகட்டின் மேல், ஃபேக்டரி இருக்கும் இடத்தில், பச்சைக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது.

அதைப் பெரிதாக்கி, அதற்குரிய பெயர்களை நிரலிடம் கேட்டாள். மேல் லைன், நடு லைன், பங்களா லைன், ஓடை லைன். நான்கு குடியிருப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றதால்தான் வெளுக்கவில்லை. நடந்தது புரிந்தது. முகவரியைக் கொடுத்தால் அதற்குரிய இடத்தைக் கணினியே தேடிப் போட்டுக்கொள்ளும்படி அலுவலகத்தில் முன்பே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். முகவரி ஃபேக்டரி. எனவே கணினியும் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய் ஃபேக்டரியில் குடிவைத்துவிட்டது. போன மழையில் கழிப்பறைச் சுவர் சரிந்து ஓடையில் போன ஓடை லயம், வரைபடத்தில் பச்சை முகட்டின்மேல் பத்திரமாக இருந்தது. அதற்குக் கம்பம் இல்லை.

ரஞ்சனி ஹரிதாஸின் அறைக்குப் போனாள். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வரைபடம் முடிஞ்சுதுன்னு நேத்தே சொல்லிப்போட்டேனுங்க. இப்பப் போயி தப்புன்னு சொன்னா, நம்ம கணக்கு மொத்தத்தையும் சந்தேகப்படுவாங்க.”

“மொத்தத்தையும் சந்தேகப்படணும் சார். கிளிப்பாறை மட்டும் இல்ல. எங்கெல்லாம் எஸ்டேட் இருக்கோ அங்கெல்லாம் இந்தக் கரும்புள்ளி இருக்கு.”

“நான் ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க உங்க ஊடு இருக்குது. அதனாலதான இவ்வளவு பேசறீங்க?”

“ஆமா சார்.” ரஞ்சனி உடனே ஒப்புக்கொண்டதில் அவர் சற்றுத் திகைத்தார். “என் வீடு இருக்கறதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. இந்த மாடியில வேற யாரோட வீடாவது லைன்ல இருந்திருந்தா, அவங்க முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பாங்க.”

ஹரிதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க.”

“மழை இந்த வருஷம் வருது சார்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளிப்பாறைக்குப் போனாள். கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலியைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு லயத்தின் இரு கோடிகளிலும் நின்று குறித்துக்கொண்டு நடந்தாள். மரத்தடியில் எண் தடுமாறும். வெட்டவெளிக்கு வந்து, அது நிலைக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மகள் கைப்பேசியை ஏந்தியபடி சிலைபோல் நிற்பதைக் கண்டு ஓடை லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“என்னா கருப்பம்மாக்கா, ஒம் மக லயத்த அளந்து விக்கப் போறாளா?” என்றாள் பக்கத்து வீட்டு லீலாவதி.

“வித்தா வாங்குறவன் ரெண்டாம் நாளு திருப்பிக் குடுத்துட்டு ஓடிருவான்” என்றார் கருப்பம்மா.

எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் சசிதரன் பைக்கில் வந்து இறங்கினார். பந்தலூர்ப் பக்கத்து மனிதர். தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

“என்ன மோளே, எஸ்டேட் ஸ்தலத்துல சர்வே எடுக்குது? மேனேஜர்கிட்ட பெர்மிஷன் வாங்கியோ?”

ரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் கருப்பம்மா முன்னால் வந்துவிட்டார். “போன மழைக்கு மண்ணு சரிஞ்சு கக்கூஸ் செவுரு போச்சே. அது தொரைகிட்ட பெர்மிஷன் கேட்டுக்கிட்டா வந்திச்சி?”

“அது வேற, இது வேற அம்மா.”

“ரெண்டும் எங்க வாசல்லதான் சார். அவ அவ வீட்டு வாசல்ல நிக்கிறா. அதுக்கு என்னா பெர்மிஷன்?”

பெண்கள் சிரித்ததில் சசிதரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேனேஜரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை புதிய எண்களைக் கொடுத்து நிரலை ஓட்டியதும், கரும்புள்ளி நான்காகப் பிரிந்து சரிவில் இறங்கியது. மேல் லைன் மஞ்சளில் விழுந்தது. நடு லைன், பங்களா லைன் இரண்டும் பச்சையின் ஓரத்தில் நின்றன. ஓடை லைன் அடர் சிவப்பின் நடுவில். ரஞ்சனி அதை ஹரிதாஸுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. மறுநாள் காலை பொதுக் கோப்பைத் திறந்தபோது பழைய வரைபடமே மறுபடி அங்கே இருந்தது. ஜெஃப்ரி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“மாத்தச் சொன்னாரு, மாத்திட்டேன். எனக்கும் வேல வேணும்ல.”

“உன்மேல கோவம் இல்ல ஜெஃப்ரி.”

“கோவப்பட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்” என்று முணுமுணுத்தான் அவன்.

வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்துக்குக் குன்னூரில் ஒரு சமுதாயக் கூடத்தில் ஏற்பாடாகியிருந்தது. வழக்கமாக அத்தகைய கூட்டங்களுக்கு நாற்காலிகளே அதிகம் வரும். இம்முறை ரஞ்சனி முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள். கிளிப்பாறைப் பெண்கள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு பின்வரிசையை நிறைத்தார்கள். அவர்களைக் கண்டதும் ஹரிதாஸ் ரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மடிக்கணினியின் கம்பியைத் திரைக்கருவியில் சொருகிக்கொண்டிருந்தாள். படங்களை மாற்றிக் காட்டுவது மட்டுமே அவளுக்கு இட்ட வேலை.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த அதிகாரி உமாமகேஸ்வரி நிதானமானவர். ஹரிதாஸ் பேசி முடித்ததும், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். கருப்பம்மா எழுந்தார்.

“எங்க லயத்துக்குச் சங்கு இல்லன்னு சொல்றாங்கம்மா. எங்களுக்கு வேணும்.”

“உங்க பேரு, முகவரி சொல்லுங்க.”

“கருப்பம்மா. கிளிப்பாறை எஸ்டேட் ஃபேக்டரி.”

வாய் பழகிய பழக்கத்தில் வந்துவிட்டது. ஹரிதாஸ் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. திரையில் பச்சைக்கு நடுவே இருந்த புள்ளியைக் குச்சியால் தொட்டார்.

“பாருங்க மேடம். அவங்க சொன்ன எடத்துலதான் நாங்களும் வெச்சிருக்கறோம். பச்சை. ஆபத்தில்லீங்க.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரஞ்சனிக்கு முகம் சுட்டது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. கருப்பம்மாவோ உட்காரவில்லை. சிரித்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினார்.

“அட்ரஸ் கேட்டீங்க, சொன்னேன். வீடு எங்கன்னு நீங்க கேக்கலையே தாயி. ஃபேக்டரியில எங்களுக்குக் காயிதந்தான் வரும். ராவுல அங்க படுக்கறது மிசினு மட்டுந்தான். நாங்க படுக்கறது கீழ, ஓடையில.”

உமாமகேஸ்வரி திரையைப் பார்த்தார், பிறகு கருப்பம்மாவை.

“இதை வரைஞ்சது யாரு?”

“எங்க டீம்தானுங்க மேடம்” என்றார் ஹரிதாஸ்.

“நான்தான் மேடம்” என்று ரஞ்சனி எழுந்தாள்.

“உக்காருங்க ரஞ்சனி” என்று ஹரிதாஸ் பல்லைக் கடித்தபடி சொன்னது அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே அடர்த்தி எண்ணை இன்னும் கீழே இறக்கி நிரலை ஓட்டினாள். திரையில் மற்றப் புள்ளிகள் மேலும் வெளுத்தன. கிளிப்பாறை மட்டும் கறுத்து நின்றது. கிளிப்பாறையோடு இன்னும் பல எஸ்டேட்களும் அப்படியே நின்றன.

“வெளுக்காத ஒவ்வொரு புள்ளியிலும் ரெண்டு மூணு குடியிருப்பு இருக்கு மேடம். எல்லாரையும் தபால் வர்ற இடத்துல குறிச்சிருக்கோம். குடியிருக்கற இடத்துல குறிக்கல.”

பிறகு தான் நடந்து எடுத்த எண்களைக் கொடுத்தாள். கரும்புள்ளி பிரிந்தது. ஒன்று சறுக்கிக்கொண்டே போய்ச் சிவப்பில் விழுந்தபோது பின்வரிசையிலிருந்து லீலாவதியின் குரல் எழுந்தது. “அந்தா, அதுதான் நம்ம லயம்! ஓடை வளைவுகூடச் சரியா இருக்குடி!”

உமாமகேஸ்வரி அன்று ஒப்புதல் தரவில்லை. எஸ்டேட் குடியிருப்புகள் அனைத்தையும் நேரில் போய்க் குறித்துவர வேண்டும் என்றும், மழை நெருங்குவதால் கிளிப்பாறை ஓடை லைனுக்கு உடனே ஒரு கம்பம் அனுப்ப வேண்டும் என்றும் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்தார்.

மாலையில் ஹரிதாஸ் அவளை அழைத்தார். குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

“தட்டச்சுப் பிழையின்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துருங்க. எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கும் வேலை இருக்கும்.”

“தட்டச்சுல தப்பே இல்ல சார். எழுத்து ஒவ்வொண்ணும் சரியாத்தான் அடிச்சிருந்துச்சு. இடம் தப்பு. நமக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சே பழசத் திருப்பி வெச்சோம். அப்படின்னு வேணா எழுதிக் கொடுக்கறேன்.”

“அப்படி எழுதினா எப்படிங்க உங்கள வெச்சுக்க முடியும்?”

“வேண்டாம் சார்.”

மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அந்த நிரல் தொகுப்பு எவருடைய அலுவலகத்துக்கும் சொந்தமன்று. கல்லூரியில் வாங்கிய பழைய கணினி ஒன்று ஓடை லயத்துப் பரணில் இருந்தது. மெதுவாகத்தான் ஓடும், ஆனாலும் ஓடும். அடுத்த வாரமே அதில் அவள் பக்கத்து எஸ்டேட்களின் கரும்புள்ளிகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு லயத்திலும் யாராவது ஒரு பெண் கைப்பேசியோடு வெட்டவெளியில் நின்று எண்களை அனுப்பினாள்.

கம்பம் வந்த அன்று மேகம் தலைமேல் கவிந்திருந்தது. லாரி நேராக ஃபேக்டரிக்குப் போய்விட்டது என்று செய்தி வந்ததும் ரஞ்சனியும் பெண்களும் மேட்டில் ஏறினார்கள். இரண்டு துண்டாக இருந்த இரும்புக் கம்பத்தை இறக்கிவைத்து, ஃபேக்டரி வாசலிலேயே பள்ளம் தோண்ட லாரியோடு வந்த ஆள் கடப்பாரையை எடுத்துவிட்டான்.

“நிறுத்துங்கண்ணா. இங்க இல்ல, கீழ ஓடை லைன்ல” என்றாள் ரஞ்சனி.

டிரைவர் சீட்டைக் காட்டினார். “எனக்குக் குடுத்த அட்ரஸ் இதுதாங்க. கிளிப்பாறை ஃபேக்டரி.”

சசிதரன் ஆபீஸிலிருந்து வந்தார். “இவிட கரண்ட் உண்டு. இவிட நாட்டினா சத்தம் அங்ஙோட்டு, லயம் வரைக்கும் கேக்கும், மோளே. லாரி அந்த ரோட்டுல இறங்காது.”

“மழைச் சத்தத்துல, மெஷின் சத்தத்துல எப்படி சார் கேக்கும்? மண்ணு வர்ற இடத்துல சங்கு இருக்கணும். கரண்ட் போனாலும் பேட்டரியில ஊதும்னு இந்தச் சீட்டுலயே போட்டிருக்கு.”

“மேனேஜர் லீவுல ஆணு. வந்ததும் கேட்டுட்டு செய்யலாம்.”

கருப்பம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். “தபாலுன்னா ஃபேக்டரியில கிடக்கட்டும் சார், பெரட்டுல வந்து வாங்கிக்கிறோம். இது தபால் இல்ல. ஏய் லீலா, அந்தக் கோடியப் புடி.”

பெண்கள் குனிந்தார்கள். கொழுந்துக்கூடையின் பாரத்தைத் தலையில் தாங்கிப் பழகியவர்கள் இரும்பின் பாரத்தைத் தோளில் வாங்கினார்கள். முதல் துண்டு அசைந்து எழுந்தது. சசிதரன் ஒரு கணம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு, வளைவில் வழுக்கும், ஓரமாகப் போகாதீர்கள் என்று கத்திக்கொண்டே அவர்களுக்கு முன்னால் இறங்கத் தொடங்கினார். கடப்பாரைக்காரன் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டாம் துண்டின் ஒரு முனையைப் பிடித்தார்.

ரஞ்சனி கைப்பேசியைப் பார்த்தபடி முன்னால் ஓடினாள். லயத்துக்கு மேலே, ஓடை திரும்பும் இடத்தில் எண் நிலைத்ததும், செருப்புக் காலால் ஈரமண்ணில் அழுத்தி ஒரு குறுக்குக்கோடு போட்டாள்.

“இங்க தோண்டுங்க” என்றாள்.